இரு வாயில்களின் முன்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னை அழைத்தபோது, "சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு துறையைப் பற்றிப் பேசுங்கள், அல்லது உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியும் பேசுங்கள்" என்றார். முதற்பகுதியைச் செய்வது எனக்கு எளிது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அதைத்தான் செய்துவருகிறேன். ஆயினும் சென்ற கோடையில் என் மாணவி ஒருத்தி இரண்டு மடல்களைக் கையில் ஏந்திக்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். அன்று முதல் என் நெஞ்சில் வேறொரு பொருள் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன். இரண்டு பெரும் பல்கலைக்கழகங்கள் ஒரே நேரத்தில் ஒரு மாணவரை "வா" என்று அழைக்குமாயின், அவர் எதனைத் தேர்ந்துகொள்வது? எதனைக் கொண்டு தேர்ந்துகொள்வது? இதுவே என் பொருள்.

இது கல்வி ஆலோசகர்கள் பேச வேண்டிய பொருள் அன்றோ, இலக்கிய வட்டத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன். இடம் உண்டு என்பதை இறுதியில் நீங்களே உணர்வீர்கள்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல், 51 தெரிந்து தெளிதல். இவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. போர்மேற் செல்லும் வேந்தன் எண்ண வேண்டியவற்றை வரிசைப்படுத்துபவை. ஆனால் பதினேழு வயதில், இருபது வயதில், ஊரைவிட்டுப் புறப்படும் ஒரு பிள்ளைக்கும் இவ்வைந்தும் அப்படியே பொருந்துகின்றன என்பதை நான் என் வாழ்விலிருந்து கற்றேன். ஆகவே இவ்வரிசையிலேயே என் உரையைக் கொண்டுசெல்கிறேன்.

முதலில் என் கதை. நான் மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். என் தந்தையார் ஒரு நெல் அரைவை ஆலையில் கணக்கெழுதியவர். 2001ஆம் ஆண்டில் இளங்கலைத் தமிழ் முடித்தேன். முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்தேன். ஒன்றேனும் கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார் என் தாயார். இரண்டும் கிடைத்தன. ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு மடல்களும் அஞ்சலில் வந்து சேர்ந்தன. அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டோம். அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. எதுவும் கிடைக்காதபோது துன்பம் ஒன்றுதான். இரண்டும் கிடைத்தபோது, எதை ஏற்றாலும் மற்றொன்றை நானே என் கையால் தள்ளியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை சிதம்பரத்தின் வழியாகவே செல்கிறது. மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னை 250 கிலோமீட்டருக்கும் மேல். ஒரே வண்டி. சிதம்பரத்தில் இறங்கினால் ஒரு வாழ்க்கை, இறங்காமல் அமர்ந்திருந்தால் வேறொரு வாழ்க்கை என்று அந்நாளில் நான் எண்ணிக்கொள்வேன்.

இவ்விரண்டு பல்கலைக்கழகங்களின் பெருமையை இவ்வவையில் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் ஓரளவு சொல்லியாக வேண்டும். அப்போதுதான் தேர்வின் அருமை விளங்கும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. தொடக்கத்தில் அது கற்பிக்கும் இடமாக இல்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. ஆராய்ச்சித் துறைகள் பின்னரே வந்தன. தமிழுக்கு அது செய்த பெரும்பணி தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அப்பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்து நிறைவு செய்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. நம்முள் எவர் ஒரு சொல்லின் பொருளுக்காக ஐயுற்றாலும் இன்றும் அதன் கதவைத்தான் தட்டுகிறோம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரியும், அதன்பின் அவர் நிறுவிய தமிழ், வடமொழிக் கல்லூரிகளும் சேர்ந்து பல்கலைக்கழகமாயின. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் பயிலும் உறைவிடப் பல்கலைக்கழகம் அது. மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக 1924 முதல் மூன்றாண்டுகள் இருந்தவர் உ.வே. சாமிநாதையர். பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் விபுலாநந்த அடிகள். பின்னர் நாவலர் சோமசுந்தர பாரதியார் அவ்விருக்கையில் அமர்ந்தார். தமிழ்த்துறையும் இசைத்துறையும் நடந்து செல்லும் தொலைவில் இருந்த இடம் அது. தமிழிசை இயக்கம் அங்கு வேர்கொண்டதில் வியப்பில்லை.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் என்னால் விடை கூற இயலாது. சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை ஆறாண்டுகள் அண்ணாமலையில் கற்பித்துவிட்டு 1936இல் சென்னைக்குச் சென்றார். 1961இல் மறையும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்துடனேயே வாழ்ந்தார். அவருடைய நடையை வளர்த்தது அண்ணாமலையா, சென்னையா என்று எவராலேனும் பிரித்துச் சொல்ல முடியுமா? இரண்டு பெரிய இடங்களுக்கு இடையே தேர்கிறவர், எது பெரியது என்ற கேள்வியோடு தொடங்கினால் எங்கும் சென்று சேரமாட்டார். தனக்கு எது என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும். அங்கேதான் வலியறிதல் வருகிறது.

வலி என்பது இங்கே பொருள்வலியும் மனவலியும் ஆகும். விடுதிக் கட்டணம், உணவு, போக்குவரத்து, நூல்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பார்க்காமல் முடிவு செய்வது பெற்றோரைக் கடனில் தள்ளும். இதனை வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் மாணவர்களிடம் எப்போதும் கூறுவேன். மடலில் அச்சிட்டிருக்கும் கட்டணம் ஒரு பகுதியே. அச்சிடாத செலவு அதனினும் மிகுதி. உதவித்தொகை எப்போது கைக்கு வரும் என்பதையும் கேட்க வேண்டும். ஆண்டு முடிவில் வரும் பணம் ஆடி மாதத்துப் பசியைத் தீர்க்காது.

காலமறிதல் அடுத்தது. எனக்கு முதலில் வந்த மடல் அண்ணாமலையிலிருந்து. குறிப்பிட்ட நாளுக்குள் வங்கி வரைவோலை எடுத்து அனுப்ப வேண்டும் என்றிருந்தது. சென்னை மடல் வரும்வரை காத்திருந்தால் முதல் இடம் கைநழுவும். காத்திராமல் கட்டினால் பணம் முடங்கும். இன்றும் இவ்விடர் மாறவில்லை. வரைவோலைக்குப் பதிலாகக் கைப்பேசி வந்திருக்கிறது. கெடுநாள் அப்படியே இருக்கிறது. துறைத்தலைவருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதிச் சில நாள்கள் அவகாசம் கேட்கலாம் என்பது எனக்கு அன்று தெரியாது. கேட்டால் இடத்தைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சினேன். அப்படி எவரும் பறிப்பதில்லை என்பதைப் பின்னாளில் மேசைக்கு மறுபுறம் அமர்ந்தபோது அறிந்தேன்.

காலத்தைப் பற்றிச் சொல்லும்போது கணித மேதை இராமானுஜனை நினையாமல் இருக்க இயலவில்லை. 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். ஹார்டி வியந்து அவரை அங்கு வரவழைக்க முயன்றார். இராமானுஜன் முதலில் இசையவில்லை. அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அவருக்குச் சென்னையும் திறந்திருந்தது, கேம்பிரிட்ஜும் திறந்திருந்தது. கடல் கடத்தல் ஆகாது என்ற குடும்ப வழக்கம் ஒருபுறம், தம் கணிதத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரின் அழைப்பு மறுபுறம். 1914இன் தொடக்கத்தில் நெவில் சென்னைக்கு வந்து நேரில் பேசிய பின்னரே அவர் மனம் இசைந்தது, தாயாரும் இசைந்தார். அவ்வாண்டு மார்ச்சில் கப்பலேறினார். சில மாதங்களில் போர் மூண்டது. ஏற்ற உணவு கிடைக்கவில்லை, குளிர் வாட்டியது, நோய் பற்றியது. 1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920இல் 32 வயதில் மறைந்தார். அவர் எடுத்த முடிவு சரியா, தவறா? கணித உலகைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். கும்பகோணத்து வீட்டில் மகனை இழந்த தாயைக் கேட்டிருந்தால் வேறொரு விடை கிடைத்திருக்கலாம். முடிவு செய்த நாளில் இரண்டையும் அறிந்தவர் எவரும் இல்லை.

இடனறிதல் என்பதற்கு உ.வே.சா. அவர்களின் வாழ்வே சான்று. 1880இல் அவர் முன்னே இருந்தவை இரண்டு பல்கலைக்கழகங்கள் அல்ல. ஆனால் அக்காலத்துத் தமிழ்க் கல்வியின் இரண்டு பெரிய வாயில்கள். ஒன்று திருவாவடுதுறை ஆதீனம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்த பின் அவரைத் தாங்கி வளர்த்த இடம் அது. சுப்பிரமணிய தேசிகரின் அன்பு, ஏடுகள், பாடம் சொல்லும் மகிழ்ச்சி ஆகிய எல்லாம் அங்கு இருந்தன. மற்றொன்று கும்பகோணம் கல்லூரி. அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு இவரை அழைத்தார். பிரிய மனமின்றியே தேசிகர் விடை கொடுத்தார். கும்பகோணம் வந்த அதே ஆண்டில், அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றால் நிறைவடையாமல் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அக்கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1887ஆம் ஆண்டுச் சிந்தாமணிப் பதிப்பு. அதற்குப் பின் வந்த பதிப்புகளின் வரலாறு நீங்கள் அறிந்ததே.

இதில் நாம் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. ஆதீனமா, கல்லூரியா என்று அவர் சீர்தூக்கியபோது, தூக்கிய தட்டுகள் இரண்டிலும் இராமசுவாமி முதலியார் இல்லை. ஊதியம் இருந்தது, பிரிவுத்துயர் இருந்தது, குடும்பம் இருந்தது. வாழ்வையே திருப்பிப்போட்ட அந்தச் சந்திப்பு எந்தத் தட்டிலும் இல்லை. ஓரிடத்தைத் தேர்கிறபோது நாம் அறியாத மனிதர்களையும் சேர்த்தே தேர்கிறோம். ஆகவே எவ்வளவு ஆராய்ந்தாலும் தேர்வில் ஒரு பகுதி இருளாகவே இருக்கும். இதனை அறிந்துகொண்டால் ஆராய்ச்சி வீணாகாது, அச்சமும் மிகாது.

தெரிந்து தெளிதல் ஐந்தாவது. யாரை நம்புவது? நன்னூல் தன் பொதுப்பாயிரத்திலேயே ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துவிட்டுத்தான் எழுத்துக்கு வருகிறது. கட்டடத்தைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைக் காட்டிலும், அங்கே நமக்குப் பாடம் சொல்லப்போகிறவர் யார், அவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் அங்கு இருப்பார், அவரிடம் முன்பு பயின்றோர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பவற்றைக் கேட்க வேண்டும். தனிநாயகம் அடிகள் உரோமையில் இறையியல் பயின்று குருவானவர். பல மொழிகள் அறிந்தவர். அவர் 1945இல், முப்பது வயதைக் கடந்த பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராக வந்து அமர்ந்தார். தமக்கு எது குறைவு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். அக்குறையைத் தீர்க்கும் இடத்தைத் தேடி வந்தார். அவர் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது என்றால், அதன் வித்து அந்த மாணவர் இருக்கையில் விழுந்தது எனலாம்.

இதுவரை நான் கூறியவை பிறரைப் பற்றியவை. இனி நான் கூறப்போவதை எந்த மேடையிலும் இதற்கு முன் கூறியதில்லை.

நான் அண்ணாமலையைத் தேர்ந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு விடைகளை மாற்றி மாற்றிக் கூறிவந்தேன். தமிழ் மரபும் இசை மரபும் ஒன்றாய் உள்ள இடம் என்பது ஒரு விடை. எங்கள் வீட்டு வறுமை சென்னைக்கு இடங்கொடுக்கவில்லை என்பது மற்றொன்று. முதல் விடையை அவைகளில் கூறினேன். இரண்டாவதை நெருங்கியவர்களிடம் கூறினேன். நாளடைவில் நானே இரண்டையும் நம்பிவிட்டேன்.

உண்மை வேறு. முடிவு செய்வதற்கு முன் சென்னையைப் பார்த்துவரலாம் என்று தந்தையார் என்னை அழைத்துச் சென்றார். மெரினா வளாகத்தில் தமிழ் இலக்கியத் துறையைப் பார்த்தோம். எதிரே கடல். தந்தையார் வியந்து நின்றுவிட்டார். நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். அங்கே வந்த மாணவியர் இருவர் என்னைப் பார்த்து நட்புடன் சிரித்து, எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எளிய கேள்விதான். எனக்குப் பொருளும் விளங்கியது. வாய் திறக்கவில்லை. அவர்கள் சிறிது காத்திருந்து, மீண்டும் சிரித்துவிட்டுச் சென்றார்கள். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் என் கால்கள் நடுங்கின. அவையஞ்சாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். இளங்கலையில் அதற்கு விளக்கம் எழுதி நான் பரிசு பெற்றவள். அன்றிரவு பேருந்தில் திரும்பும்போது தந்தையாரிடம் கூறினேன்: "சிதம்பரமே போதும் அப்பா. பக்கத்தில் இருந்தால் அடிக்கடி வீட்டுக்கு வரலாம்."

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "உனக்கு எது பிடிக்குதோ அதுக்குப் போம்மா. பணம் என் பாடு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டின் மேல் உள்ள பற்றினால் மகள் பெரிய இடத்தை விட்டுக்கொடுத்தாள் என்று அவர் நம்பினார். உறவினரிடமெல்லாம் அதைப் பெருமையோடு சொன்னார். நான் திருத்தவில்லை.

அவர் 2016இல் மறைந்தார். காரியங்கள் முடிந்த பின் அவருடைய பழைய கணக்கு நோட்டுகளை ஒழுங்குபடுத்தினேன். ஆலைக்கு எழுதியதைப் போலவே வீட்டுக்கும் அவர் நாள்தோறும் கணக்கு எழுதியவர். 2001ஆம் ஆண்டு நோட்டில், சூன் மாதத்தில், "சென்னைப் படிப்புக்கு" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் இருந்தது. இரண்டாண்டுக்கான விடுதி, உணவு, இருப்பூர்திக் கட்டணம், நூல், "கைச்செலவு" என ஒவ்வொன்றும் எழுதிக் கூட்டப்பட்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் வரவு. தாயாரின் சங்கிலியை அடகு வைத்தது, ஆலை முதலாளியிடம் முன்பணம் பெற ஒப்புதல் வாங்கியது, சீட்டுப் பணம் ஆகியவை. வரவும் செலவும் சரியாக இருந்தன. நாங்கள் சென்னைக்குப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னைய தேதி அதில் இருந்தது. பின்னர் "சென்னை" என்ற சொல் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டு, அதன்மேல் "சிதம்பரம்" என்று எழுதப்பட்டிருந்தது.

பதினைந்து ஆண்டுகளாக நான் எந்த வறுமையின் மேல் பழி போட்டுவந்தேனோ, அந்த வறுமையை அவர் மூன்று நாள்களுக்கு முன்பே வென்றுவைத்திருந்தார். வழி மறித்து நின்றது என் அச்சம் ஒன்றே.

அவையோரே, சிதம்பரம் எனக்கு எதையும் குறைவாகத் தரவில்லை. அதனைச் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவளாவேன். அங்கே எனக்கொரு பேராசிரியர் வாய்த்தார். மாலை நேரத்தில் நான்கைந்து மாணவர்களைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தித் தொல்காப்பிய உரைகளை வாய்விட்டுப் படிக்கச் செய்வார். உரையாசிரியரின் குரலைச் செவியால் கேட்டாலன்றிக் கருத்து விளங்காது என்பார். இசைத்துறைப் பக்கமிருந்து சாதகம் செய்யும் ஒலி காற்றில் வரும். இன்று நான் ஏதேனும் நன்றாகக் கற்பிக்கிறேன் என்றால் அத்திண்ணைதான் காரணம். அன்று அஞ்சி ஒதுக்கிய சென்னையும் என்னை விட்டுவிடவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்குப் பழைய மகளிர் இதழ்களை எடுத்துக்கொண்டேன். கன்னிமாரா நூலகத்துக்கும், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒவ்வொரு விடுமுறையிலும் அலைந்தேன். அஞ்சிய நகரத்தில் தனியே அறை எடுத்துத் தங்கினேன். ஆங்கிலத்திலும் பேசக் கற்றேன். முடிவு தவறு என்று நான் கூறவில்லை. முடிவின் காரணத்தை மறைத்தேன் என்பதே என் குறை. மறைத்த காரணத்தைப் பதினைந்து ஆண்டுகள் என் பெற்றோரின் எளிய வாழ்வின் மேல் சுமத்தினேன். அதுவே எனக்கு உறுத்துகிறது.

இப்போது என் மாணவிக்கு வருகிறேன். அவள் பெயர் வேண்டாம். தந்தை இல்லை. தாயார் வயல் வேலைக்குச் செல்பவர். நன்றாகக் கவிதை எழுதுவாள். அவள் கொண்டுவந்த மடல்களும் அதே இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. இதில் வியப்பில்லை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் இடங்களில் அவை இன்றும் முன்நிற்பவை. "அம்மா, எதுக்குப் போகட்டும்?" என்று கேட்டாள்.

சென்னைக்குப் போ என்று சொல்ல என் நாவு துடித்தது. நூலகங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வேண்டியவை இருந்தன. கட்டணத்துக்கு நானே உதவுகிறேன் என்று சொல்லவும் முனைந்தேன். அந்தக் கணத்தில் தந்தையாரின் நோட்டும், அதில் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருந்த சொல்லும் கண்முன் வந்தன. நான் செல்லாத இடத்துக்கு இவளை அனுப்பி என் கணக்கை நேர்செய்யப் பார்க்கிறேனோ என்று எனக்கே ஐயம் எழுந்தது. ஆகவே விடை கூறாமல், நான் ஏன் சிதம்பரம் சென்றேன் என்பதை அவளிடம் கூறினேன். தாழ்வாரம், ஆங்கிலக் கேள்வி, பேருந்து, கணக்கு நோட்டு அனைத்தையும் கூறினேன். என் மாணவியிடமே முதன்முதலாக அதைச் சொல்ல நேர்ந்தது. பிறகு அவளைக் கேட்டேன்: "உனக்கு எந்த இடத்தை நினைத்தால் அச்சமாக இருக்கிறது? அந்த அச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசி. அதன் பிறகும் எந்த இடம் வேண்டும் என்று தோன்றுகிறதோ அதைச் சொல்."

அவள் இரண்டு நாள் கழித்து வந்தாள். "அம்மா, எனக்குச் சென்னை பயமில்லை. நான் சிதம்பரத்துக்கே போறேன்" என்றாள். காரணம் கேட்டேன். அவளுடைய பாட்டி எங்கள் பக்கத்தில் பேர்பெற்ற ஒப்பாரிக்காரர். எண்பதைக் கடந்தவர். அவர் பாடும் ஒப்பாரிகளையும் தாலாட்டுகளையும் சொல்லோடு மட்டுமன்றி, இசைக்குறிப்போடும் பதிவு செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். தமிழும் இசையும் ஒரே வளாகத்தில் உள்ள இடம் அதற்கு வேண்டும். கிழமைதோறும் பாட்டியிடம் வந்து செல்லும் தொலைவும் வேண்டும். "பாட்டிக்கு இன்னும் எத்தனை வருசமோ தெரியலையேம்மா. சென்னை அங்கேயேதான் இருக்கும், அப்புறம் போய்க்கலாம்" என்றாள்.

வலியும் காலமும் இடனும் அவள் விடையில் முழுமையாக இருந்தன. நான் அஞ்சிச் சென்ற அதே வாயிலில் அவள் தெளிந்து நுழைந்தாள். பார்ப்பவர்க்கு இருவர் முடிவும் ஒன்றுபோல் தோன்றும். அவற்றின் வேர் வேறு என்பதை நானும் அவளும் அறிவோம். இப்போது அவள் பாட்டியின் பாடல்களைப் பதிவு செய்துவருகிறாள். அவற்றுள் சிலவற்றை நம் வட்டத்தின் கூட்டமொன்றில் அவளே வந்து படிக்க வேண்டும் என்று செயலாளரிடம் இவ்விடத்திலேயே விண்ணப்பம் செய்துகொள்கிறேன்.

இலக்கிய வட்டத்தில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று தொடக்கத்தில் ஒரு கேள்வியை வைத்தேன். கவிஞர் பெருமக்களே, ஒரு சொல்லை வைத்து மற்றொரு சொல்லை நீக்கும்போது நீங்களும் இதைத்தானே செய்கிறீர்கள்? இரண்டும் நல்ல சொற்கள். இரண்டும் தளைக்குப் பொருந்துகின்றன. ஒன்றை ஏன் வைத்தோம் என்று எவரேனும் கேட்டால் ஓசைக்காக என்போம், மரபுக்காக என்போம். சில வேளைகளில், மற்றச் சொல் உண்மையைச் சொல்லிவிடும் என்று அஞ்சித்தான் அதை நீக்கியிருப்போம். அதனைப் பிறர் அறியார். நாம் அறிவோம். அறிந்து ஒப்புக்கொண்டால் அடுத்த கவிதையிலேனும் அச்சொல் வந்து அமரும்.

இவ்வவையில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளை உடைய பெற்றோர் பலர் உள்ளனர். உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் இரண்டு மடல்கள் வரும். தரவரிசைகளைப் பாருங்கள், கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள், அங்கே பயின்றோரைத் தேடிச்சென்று கேளுங்கள், இரண்டு இடங்களையும் பிள்ளையோடு நேரில் சென்று காணுங்கள். இவையெல்லாம் முடிந்த பின், வீடு திரும்பும் வழியில், பிள்ளை ஏதேனும் ஒன்றைத் தேர்ந்ததாகச் சொன்னால், உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். "அங்கே ஏதாவது உன்னைப் பயமுறுத்தியதா?" என்று ஒரு முறை கேளுங்கள். என் தந்தையார் என்பால் வைத்த பெருமதிப்பினால் அதனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுத பின் ஒருவேளை சென்னைக்கே சென்றிருப்பேன். ஒருவேளை சிதம்பரத்துக்கே சென்றிருப்பேன். எங்குச் சென்றிருந்தாலும் அவரிடம் மறைக்க ஒன்றும் இருந்திராது.